பகதூர் எங்கிருந்து வந்தார்

வைத்திக்குப்பம் பக்கத்தில் சின்ன விடுதி ஒன்று நடத்துகிறேன். எங்கள் காவலாளி நேபாளி. ஏழு வருடமாக அவரை ‘பகதூர்’ என்றுதான் கூப்பிட்டேன். நேபாளத்துக்காரர் என்றால் பகதூர், அவ்வளவுதான் எங்கள் ஊர் இலக்கணம்.

போன மாசியில் தங்க வந்த மங்கோலியப் பெண், நான் கூப்பிட்டதைக் கேட்டு நின்றுவிட்டார். அவர்கள் மொழியில் இதே சொல் ‘பாத்தர்’; வீரன் என்று பொருளாம். தலைநகர் உலான்பாத்தர் ‘செவ்வீரன்’ என்று பொருள்படுமாம்.

எனக்கு ஆவல் தாங்கவில்லை. மதியம் முழுக்க போனில் தேடினேன். கசாக்கியர் வாயில் அது ‘பாத்திர்’. மூலம் துருக்கிய மொழியா மங்கோலியமா என்று அறிஞர்களுக்கே தீர்மானமில்லை. பாரசீகம் வழியாக மொகலாயர் பட்டமாகி நம்மிடம் வந்திருக்கிறது.

பெருமையோடு வாசல் கேட்டுக்குப் போனேன்.

“பகதூர், உன் பேரு எங்கேர்ந்து வந்துது தெரியுமா?”

அவர் நிதானமாகச் சொன்னார்: “அது என் பேரு இல்ல சார். என் பேரு லோகேந்திரா. வேலைக்கு வந்த அன்னிக்கே சொன்னேன்.”

ஒரு சொல் கடந்து வந்த தேசங்களையெல்லாம் ஒரே மதியத்தில் தேடிப் படித்தவன் நான். வாசலில் நின்றவருக்கு எந்த ஊர் என்று ஏழு வருடத்தில் ஒருமுறைகூடக் கேட்டதில்லை.