மைக்ரோவேவுக்கு நாலு விரல் சந்து

நாங்கள் இருக்கும் டனீடினில், பக்கத்து வீட்டு மார்கரெட்டின் மைக்ரோவேவ் சமையல் மேடைக்கு அடியில், இடுப்புயரத்துக்கும் கீழே இருக்கும். நியூசிலாந்துக்கு வந்த புதிதில் அதைப் பார்த்து எனக்குப் பாவமாகிவிட்டது. தனியாக இருக்கும் மனுஷி, தூக்கி மேலே வைக்க ஆளில்லை போல என்று நானே முடிவு கட்டிக்கொண்டு, என் வீட்டுக்காரரையும் அழைத்துப் போய் மேலே வைத்துத் தருகிறோம் என்றேன். மார்கரெட்டின் முகம் சுருங்கிவிட்டது. தோளில் அறுவை சிகிச்சை ஆனதிலிருந்து அவருக்குக் கை மேலே போகாது. யாரையும் கூப்பிடாமல் தன் சாப்பாட்டைத் தானே சூடாக்கிக்கொள்ள வேண்டும் என்றுதான் தச்சரை வைத்து மேடைக்கடியில் அந்த இடத்தைச் செய்திருந்தார். உதவப் போன நான் மன்னிப்புக் கேட்டுவிட்டுத் திரும்பினேன். இங்கே ஒருவரும் ஒருவருக்கும் உதவுவதில்லை என்று அதுவரை ஊருக்குப் போன் போட்டுக் குறை சொல்லிக்கொண்டிருந்தவள், அன்றோடு அந்தப் பேச்சை விட்டேன். பின்னால் நாங்கள் சொந்த வீடு வாங்கியபோது எங்கள் மைக்ரோவேவையும் மேடைக்கு அடியில்தான் வைத்தோம்.

ஏற்காட்டு மலையில் இருக்கும் எங்கள் நாகலூரில் அப்படியில்லை. ஒரு வீட்டில் ஒருவருக்குக் கை முடியவில்லை என்றால் நாலு வீட்டுக் கைகள் வந்துவிடும். அதில் எனக்குப் பெருமைதான். ஆனால் என் அக்கா ரோசலிக்கு அது பிடிக்காது. முப்பது வருஷம் எஸ்டேட்டில் காப்பிக் கிளையை இழுத்து வளைத்துப் பழம் பறித்ததில் அவளுடைய வலது கை நெஞ்சுக்கு மேல் எழும்பாது. மாமாவும் போய்விட்டார். மலைக் குளிரில் சோறு பத்து நிமிஷத்தில் ஆறிவிடும். அடுப்பில் சூடாக்க ஒருத்தியைக் கூப்பிட வேண்டும், அவள் வரும்வரை காத்திருக்க வேண்டும். வருகிறவள் அன்பாகத்தான் வருவாள், அதுவே அக்காவுக்குப் பாரம். முன்பு ஒரு விடுமுறையில் மார்கரெட்டை நினைத்துக்கொண்டு, அக்கா வீட்டிலும் தச்சரை வைத்து மேடைக்கடியில் இடம் செய்து ஒரு மைக்ரோவேவை வைத்துவிட்டு வந்தேன்.

இரண்டு வருஷத்தில் அது கெட்டுப்போனது. மறுபடியும் பக்கத்து வீட்டுக்காரர்கள் வந்து போக ஆரம்பித்தார்கள். சேலத்தில் இருக்கும் அவள் மகன் ஸ்டீபன், போதும், கீழே வந்து என்னோடு இரும்மா என்றான். நல்ல பிள்ளை, அக்கறையில்தான் சொன்னான். அக்காவோ எனக்குப் போன் செய்து, "கண்ணு, நான் இந்த ஊட்ட உட்டுப் போனா அப்புறம் திரும்பி வரமாட்டேன்" என்றாள். நான் டிக்கெட் போட்டேன்.

நான் போவதற்குள் ஏற்காட்டு மெக்கானிக் வந்து பார்த்திருந்தார். பெட்டிக்குப் பின்னால் தச்சர் விட்டிருந்த சந்தில் கையை விட்டு ஒரு முழுக் காப்பிச் சாக்கை உருவி எடுத்தாராம். வெப்பம் வெளியேற வழியில்லாமல் வெந்துபோயிருந்தது. வேறு எந்த ஊர்க்காரரும் இதைச் செய்யமாட்டார்கள். எங்கள் மலையில் மூடுபனிக் காலத்துக்கு முன்னால் வீட்டிலுள்ள ஓட்டை ஒன்று விடாமல் சாக்கால் அடைத்துவிடுவோம். இல்லையென்றால் மேகம் உள்ளே வந்து உப்பைத் தண்ணீராக்கிவிடும், தீப்பெட்டி நமுத்துவிடும். அக்கா கண்ணுக்கு அந்தச் சந்தும் ஓட்டைதான். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அவளும் வெட்கப்பட்டுக்கொண்டே சிரித்தாள்.

ஸ்டீபனும் வர, புதிதாக ஒன்று வாங்கச் சேலத்தில் ஒரு பெரிய கடைக்குப் போனோம். வெளிநாட்டுத் தங்கை என்ற மிடுக்கோடு நான் நோட்டுப் புத்தகத்தில் சென்டிமீட்டரெல்லாம் எழுதி வைத்திருந்தேன். நான் காட்டியது முகம் முழுக்கக் கண்ணாடி, தொட்டால் போதும் என்கிற வகை. அக்கா தொட்டாள். ஒன்றும் நடக்கவில்லை. விற்பனையாளர் கண்ணாடியைத் துடைத்துவிட்டு, மறுபடி தொடுங்கம்மா என்றார். மறுபடியும் இல்லை. பழம் பறித்துக் காய்த்துப்போன விரலை அந்தக் கண்ணாடி விரலாகவே எடுத்துக்கொள்ளவில்லை. எனக்குத்தான் சங்கடமாக இருந்தது. அக்காவுக்கு ஒன்றுமில்லை. "தம்பி, இந்த வெரலுக்குத் தக்கன மாதிரி ஒண்ணு காட்டுங்க" என்றாள்.

அதன் பிறகு கடை அவளுடையது. ஒவ்வொன்றாக இடது கையால் திறந்து பார்த்தாள். இழுக்கும் கைப்பிடி வேண்டாம், அமுக்கினால் கதவு தானே திறக்கிற பொத்தான் வேண்டும், திருகுகிற குமிழ் வேண்டும் என்றாள். முக்காலி கேட்டு வாங்கி உட்கார்ந்து, கொண்டு வந்திருந்த கண்ணாடிக் கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றி ஒற்றைக் கையால் வைத்தாள், எடுத்தாள். நான் பெரிதாக இருக்கட்டும் என்று இன்னொன்றைக் காட்டினேன். அப்போது பையிலிருந்து ஒரு கயிற்றை எடுத்தாள். எஸ்டேட்டில் குழி எடுக்கும்போது செடிக்குச் செடி இடைவெளி அளக்க முடிச்சுப் போட்ட கயிறு பிடிப்பார்கள். அதே மாதிரி அகலத்துக்கு ஒரு முடிச்சு, உயரத்துக்கு ஒன்று, ஆழத்துக்கு ஒன்று. ஆழத்து முடிச்சுக்கு நாலு விரல் முன்னாலேயே இன்னொன்று இருந்தது.

"இது எதுக்குக்கா?"

"அது மூச்சு உடறதுக்கு. அந்த முடிச்சத் தாண்டற பொட்டி நமக்கு வேண்டாம்."

என் நோட்டில் எல்லா அளவும் இருந்தது, அந்த நாலு விரல் மட்டும் இல்லை. நான் தேர்ந்தெடுத்த இரண்டுமே முடிச்சைத் தாண்டின. அவள் தேர்ந்தெடுத்தது உள்ளேயே நின்றது. குனிந்து பார்த்துக்கொண்டிருந்த விற்பனையாளர் எழுந்து நின்று, நொம்பச் சரியாப் பாத்தீங்கம்மா என்றார். கொண்டை ஊசி வளைவுகளில் பஸ் திரும்பும்போதெல்லாம் பெட்டியை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு என் அக்காவையே பார்த்துக்கொண்டு வந்தேன். பள்ளிக்கூடத்தை ஐந்தாவதோடு விட்டவள். அவளைப் போல ஒரு பொருளை நான் இதுவரை வாங்கியதில்லை.

நான் திரும்பி வந்த மறுவாரம் வீடியோவில் அழைத்தாள். எனக்குச் சாயங்காலம், அங்கே மத்தியானம். சன்னலுக்கு வெளியே வெள்ளையாகப் பனி. முக்காலியில் உட்கார்ந்து இடது கட்டைவிரலால் அமுக்கினாள், கதவு திறந்தது. ஆவி பறக்கச் சோற்றை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். "ஸ்டீபன் கிட்ட சொல்லிப்போட்டேன் கண்ணு. பண்டிகைக்கு வருவேன், தங்க வரமாட்டேன்னு." அழுதுவிடுவேன் போலிருந்தது. எங்கள் மைக்ரோவேவ் சில நாளாகச் சூடேறிப் பாதியில் நின்றுவிடுகிறது, பழசாகிவிட்டது, மாற்ற வேண்டும் என்று பேச்சை மாற்றினேன்.

அக்கா சோற்றைப் பிசைவதை நிறுத்தினாள். "பொறத்தால கைய உட்டுப் பாரு."

ஒரு கையில் போனைப் பிடித்தபடி குனிந்து, மறு கையை மைக்ரோவேவுக்குப் பின்னால் இருந்த சந்துக்குள் விட்டேன். கம்பளி தட்டுப்பட்டது. முதன்முதலில் நியூசிலாந்துக்குப் புறப்பட்டபோது ஏற்காட்டில் அக்கா வாங்கிக் கொடுத்த மப்ளர். இந்த வீட்டுக்கு வந்த முதல் குளிர்காலத்தில் நானே அடைத்திருக்க வேண்டும், அடைத்த நினைவே இல்லை. உருவி எடுத்ததும் டனீடினின் குளிர்காற்று மணிக்கட்டில் வந்து பட்டது. போனில் நாகலூர்ப் பனிக்கு முன்னால் அக்கா, என்ன கண்ணு, ஏதாச்சும் சிக்குச்சா என்று கேட்டுக்கொண்டிருந்தாள். நான் மப்ளரைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு, சந்தைத் திறந்தபடியே விட்டேன்.