நான் திறக்காத கோப்பு

வேலையில் கொம்பியூட்டரைத் தட்டி எழுப்பினால் முதலில் வருவது ஓர் எச்சரிக்கை. இந்த இயந்திரம் உன்னுடையதல்ல, இதில் நீ செய்வதெல்லாம் பதியப்படும், வேலைக்குத் தேவையில்லாத எதையும் திறக்காதே என்று சாம்பல் நிறப் பெட்டிக்குள் நாலைந்து வரி. கீழே 'சம்மதம்' என்று ஒரு பொத்தான். சம்மதமில்லை என்று சொல்வதற்குப் பொத்தான் கிடையாது. ஒவ்வொரு நாளும் காலையில் அதை அமத்தும்போது எனக்குக் கொஞ்சம் எரிச்சல் வரும். அமத்திவிட்டுத்தான் கோப்பி குடிக்கப் போவேன்.

ரொறன்ரோவில் ஒரு பொதுச் சுகாதார அலுவலகத்தின் காசநோய்ப் பிரிவில் எனக்கு வேலை. நோய் வந்தவர்களோடு ஒரே வீட்டில் இருந்தவர்கள், ஒரே மேசையில் வேலை செய்தவர்கள் எல்லாரையும் தேடிப் பிடித்துப் பரிசோதனைக்கு அழைப்பது. தமிழ் ஆட்கள் என்றால் என்னிடம்தான் தருவார்கள். கையில் ஒரு சின்ன ஊசி போட்டுப் பார்த்து, ஒன்றுமில்லை, போய் வாருங்கள் என்று அனுப்பப்பட்டவருக்கும் எங்களிடம் ஒரு கோப்பு இருக்கும். கோப்பு இருக்கிறது என்பதற்காக நோய் இருக்கிறது என்று அர்த்தமில்லை. இதை நான் அலுவலகத்துக்கு வெளியே யாருக்கும் விளங்கப்படுத்தி வென்றதில்லை. எங்கள் சனத்துக்குக் கசம் என்ற சொல்லே போதும், கதிரையைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொள்வார்கள்.

யார் எந்தக் கோப்பை எப்போது திறந்தார்கள் என்பதெல்லாம் கொம்பியூட்டரில் பதிவாகும். சொந்தக்காரர், அயலவர், தெரிந்தவர் எவருடைய பெயரையும் தேடக்கூடாது. தேடிவிட்டு வேலையை இழந்தவர்களை எனக்குத் தெரியும். ஒருத்தி தன் தங்கையின் முன்னாள் புருசனைத் தேடினாள். அவளுடைய மேசையில் இருந்த பூச்சாடியை யாரும் எடுக்கவில்லை, அது அங்கேயே காய்ந்தது.

இனி, விசாரிப்பு. கலியாணம் பேசினால் எங்களில் விசாரிப்பார்கள், அது எல்லாருக்கும் தெரிந்ததுதான். அதன் மொழி வெளியாட்களுக்குத் தெரியாது. கேட்கப்பட்டவர் ஒருபோதும் கூடாது என்று சொல்ல மாட்டார். பாவம் வந்து சேரும் என்று பயம். நல்லதென்றால், "தங்கமான சனம், யோசிக்காமச் செய்யலாம்" என்பார். கெட்டதென்றால், "எனக்கு அவையளோட அவ்வளவு பழக்கமில்லை" என்று சொல்லிக் கதையை மாற்றுவார். கேட்டவர் மேலே கேட்க மாட்டார், சம்பந்தம் அத்தோடு நிற்கும். நானே அப்படிச் சிலருக்குச் சொல்லியிருக்கிறேன், எனக்கும் அப்படிச் சொல்லியிருக்கிறார்கள்.

இது தெரிந்தும்தான் அஜக்ஸ் அக்காவிடம் அப்படிக் கதைத்தேன். முன்பு ஸ்காபரோவில் ஒரே அடுக்குமாடியில் இருந்தோம், பிறகு அவர்கள் அஜக்ஸில் வீடு வாங்கிப் போய்விட்டார்கள். மகனுக்கு அஜின்கோர்ட்டில் ஒரு பெண்ணைப் பேசியிருந்தார்கள். குழந்தைகள் காப்பகத்தில் வேலை செய்யும் பிள்ளை. பெடியனும் அவளும் இரண்டு மூன்று தரம் சந்தித்து, இருவருக்கும் பிடித்தும் போய்விட்டது. மண்டபம் பார்க்கும் அளவுக்கு வந்திருந்தது. பெண்ணின் தாய் நான் சாப்பாடு வாங்கும் கடையில் வேலை செய்பவர். எனக்குக் கொத்துரொட்டி கட்டும்போது கேட்காமலே உறைப்பைக் குறைப்பார். பழக்கம் அவ்வளவுதான்.

அக்கா போனில் சுற்றி வளைத்துத்தான் வந்தார். பனி, முழங்கால், பேரப்பிள்ளையின் பல் எல்லாம் முடிந்த பிறகு குரல் இறங்கியது.

"பிள்ளை, பொம்பிளையின்ர தேப்பன் நெஞ்சு வருத்தத்தில இருமி இருமிப் போனவர். அவளும் போன வரியம் கொஞ்சக் காலம் வேலைக்குப் போகேல்லையாம். நீ உங்கட கொம்பியூட்டரில ஒருக்காப் பாத்துச் சொல்லு. ஆருக்கும் மூச்சு விடமாட்டன்."

எனக்குச் சுர்ரென்று வந்தது. என்னுடைய வேலையை என்ன, கிளிச் சாத்திரம் என்று நினைத்தாரா?

"அக்கா, அது ஏலாது. ஆரின்ர கோப்பையும் நான் சும்மா திறக்கக்கூடாது. இருக்கெண்டும் சொல்லேலாது, இல்லையெண்டும் சொல்லேலாது."

பயிற்சி வகுப்பில் சொல்லித்தந்த வசனம் அது. ஆங்கிலத்தில் அதைச் சொன்னால் கதவு சாத்துவதுபோல் சுத்தமாக இருக்கும். தமிழில் சொல்லி முடித்ததும் அக்கா ரீவியின் சத்தத்தைக் குறைத்தார்.

"சரி பிள்ளை," என்றார் அக்கா. "எனக்கு விளங்குது."

மரியாதையாகப் போனை வைத்தார்.

அடுத்த முறை கடைக்குப் போனபோது பெண்ணின் தாய் என்னைக் கண்டதும் உள்ளே போய்விட்டார். வேறொருவர்தான் கொத்துரொட்டி கட்டித் தந்தார், வாய் எரிந்தது. சில நாட்களில் என் மச்சாள் போன் எடுத்து, அந்தச் சம்பந்தம் குழம்பிவிட்டது, பெடியன் அவளுடைய போனுக்குப் பதில் சொல்வதில்லை, உனக்குத் தெரியாதா என்று கேட்டாள். பிறகு தயங்கித் தயங்கி, பெட்டைக்குக் கசமாம், சுகாதாரப் பகுதியில் வேலை செய்கிற நீதான் பார்த்துச் சொன்னாயாம் என்றாள். காப்பகத்தில் பிள்ளைகளின் தாய்மார் வரைக்கும் கதை போய்விட்டதாம்.

உடனே அஜக்ஸுக்குப் போன் எடுத்து, நான் என்ன சொன்னேன் என்று கத்தினேன். அக்கா கத்தவில்லை.

"நீ ஒண்டும் சொல்லேல்லைத் தானே, பிள்ளை. ஒண்டுமில்லை எண்டா, ஒண்டுமில்லை எண்டு சொல்லியிருப்பாய்."

அது சட்டம் அக்கா, யார் கேட்டாலும் அதைத்தான் சொல்லவேண்டும், நான் கோப்பைப் பார்க்கவே இல்லை என்று திருப்பித் திருப்பிச் சொன்னேன். அவர் ஓம், ஓம் என்று கேட்டுக்கொண்டிருந்தார். சொல்லச் சொல்ல என் பேச்சு எனக்கே நம்பும்படியாக இல்லை. நல்ல மனுசி, தன்னைக் காப்பாற்றிக்கொள்ளப் பார்க்கிறாள் என்றுதான் அவர் நினைத்திருப்பார்.

பிறகு ஒரு காலை. மேசையில் இருந்து கொம்பியூட்டரைத் தட்டினேன். சாம்பல் பெட்டி வந்தது, சம்மதம் கொடுத்தேன், கடவுச்சொல்லை அடித்தேன். அனுமதி இல்லை என்றது. திரும்ப அடித்தேன். அனுமதி இல்லை. பக்கத்து மேசைக்காரி தன் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. எனக்கு அந்தப் பூச்சாடி ஞாபகம் வந்தது. சற்று நேரத்தில் மனேஜர் வந்து, தோளைத் தொடாமல், ஒரு நிமிடம் வரமுடியுமா என்று கேட்டார்.

சின்ன அறை. மனேஜரும், தனியுரிமைக்குப் பொறுப்பான அதிகாரியும். அதிகாரி இளம் ஆள், நல்ல சுத்தமான நகங்கள். பெண்ணின் தாய், நான் மகளைப்பற்றிக் கதை பரப்பினேன் என்று முறைப்பாடு எழுதியிருந்தார். மகளின் பெயர், பிறந்த திகதி எல்லாம் கொடுத்து, என்னுடைய பெயரையும் கொடுத்திருந்தார். இந்தப் பெண்ணைத் தெரியுமா, இவரைப்பற்றி யாரும் கேட்டார்களா, என்ன சொன்னீர்கள் என்று விசாரித்தார்கள். நடந்ததைச் சொன்னேன். அதிகாரி மடிக்கணினியைப் பார்த்துக்கொண்டே தலையாட்டினார். நான் வீட்டு லோனையும் மகளின் பல்கலைக்கழகத்தையும் நினைத்துக்கொண்டிருந்தேன். பார்க்கவில்லை என்று எனக்குத் தெரியும், ஆனாலும் எங்கேயாவது கை தவறித் தட்டியிருப்பேனோ என்ற பயம் போகவில்லை.

அதிகாரி நிமிர்ந்து சிரித்தார். எல்லாம் சரி, கவலைப்படாதீர்கள் என்றார். "நீங்கள் அவருடைய பெயரைத் தேடவில்லை. அவருடைய கோப்பை ஒருமுறையும் திறக்கவில்லை."

மனேஜரின் பேனை நின்றது. அவர் அதிகாரியைப் பார்த்தார். அதிகாரிக்கு உடனே விளங்கவில்லை, பிறகு விளங்கியது, காது சிவந்தது. கோப்பு இல்லாத ஆளென்றால், அப்படியொருவர் எங்கள் பதிவில் இல்லை என்றல்லவா சொல்லவேண்டும்?

மத்தியானத்துக்கு முன் கடவுச்சொல் வேலை செய்தது. நான் குற்றமில்லாதவள். அந்தச் சந்தோசம் எனக்கு வரவேயில்லை. இவ்வளவு காலமும் பார்க்காமல் காத்த ஒன்றை, என்னை நல்லவள் என்று சொல்லவந்த மனிதர் என் கையில் தந்துவிட்டுப் போய்விட்டார். ஏன் அந்தக் கோப்பு என்று தெரியாது. தகப்பனோடு ஒரே வீட்டில் இருந்ததால் வந்த வெறும் பரிசோதனையாக இருக்கலாம், ஒன்றுமே இல்லாமலும் இருக்கலாம். திறந்தால் தெரியும். திறக்க மாட்டேன். ஆனால் அன்றிலிருந்து அந்தத் திரைக்கு முன்னால் இருக்க எனக்குப் பயமாக இருந்தது.

ஒரு சனிக்கிழமை பின்னேரம் தாயும் மகளும் வீட்டுக்கு வந்தார்கள். சப்பாத்துகளில் உருகாத பனி. அந்தப் பிள்ளையை நான் முதல்முறை அப்போதுதான் கிட்டப் பார்த்தேன். மெலிந்து, கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தாள். தாய் கையில் ஒரு பை நிறையச் சாப்பாடு கொண்டுவந்திருந்தார். அலுவலகத்திலிருந்து கடிதம் வந்ததாம், நான் எதையும் பார்க்கவில்லை என்று எழுதியிருந்ததாம். அறியாமல் முறைப்பாடு எழுதிவிட்டேன், மனதில் வைக்கவேண்டாம் என்று என் கையைப் பிடித்தார். நான் ரீ போட்டுக் கொடுத்தேன். பிள்ளை கோப்பையைத் தொடவில்லை.

"தங்கச்சி, எனக்கு ஒரேயொரு உதவி செய்யும்," என்றார் தாய். "அந்த அக்காவுக்குப் போன் எடுத்து, உங்கட கொம்பியூட்டரில என்ர பிள்ளையின்ர பேரே இல்லையெண்டு ஒரு சொல் சொல்லும். என்ர பிள்ளை ஒருநாளும் உங்கட இடத்துக்கு வந்ததில்லை. எனக்குத் தெரியாமல் அவள் ஒரு இடமும் போறேல்லை."

அப்போது பிள்ளை தலையை நிமிர்த்தினாள். தாயைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கெஞ்சல் இருந்தது. அவளாகவே போயிருக்கிறாள், தாய்க்குச் சொல்லவில்லை.

இதற்கு முன்பென்றால், எனக்குத் தெரியாது அக்கா என்று நெஞ்சைத் தொட்டுச் சொல்லியிருப்பேன். கோப்பென்றால் நோய் இல்லை என்று விளங்கப்படுத்தப் போனால், கோப்பு இருக்கிறது என்றாகும். இல்லை என்று பொய் சொல்லலாம். சொல்லத்தான் வாயைத் திறந்தேன். சாம்பல் பெட்டி கண்ணுக்குள் வந்தது. நான் ஒரு மூச்சு தாமதித்தேன், அவ்வளவுதான்.

"எனக்குத் தெரியாது அக்கா," என்றேன்.

தாய் என் கையை விட்டார். மெதுவாகத் திரும்பி மகளைப் பார்த்தார். அவரும் எங்கள் சனம்தானே, எத்தனை சம்பந்தம் விசாரித்திருப்பார்.

"சரி தங்கச்சி," என்றார். "எனக்கு விளங்குது."

சப்பாத்தைப் போட்டுக்கொண்டு இருவரும் வெளியே போனார்கள். நான் யன்னலுக்குள்ளால் பார்த்துக்கொண்டு நின்றேன். காருக்குள் ஏறினார்கள், காரை எடுக்கவில்லை. கண்ணாடி முழுவதும் பனி மூடும்வரை தாய் எதையோ கேட்டுக்கொண்டிருந்தார், பிள்ளை தலையைக் குனிந்தபடி இருந்தாள்.