இல்லாத காருக்கு ஓர் இன்ஜின்

ரோமன் ஜெலின்ஸ்கியைக் கல்யாணம் செய்துகொண்ட நாளிலிருந்து லியோனாவுக்குச் சாப்பாட்டோடு தொட்டுக்கொள்ள இன்ஜின் பேச்சுதான். பே சிட்டியில் அவர்கள் தெருவில் பாதி ஆண்கள் கார் ஆலையில் வேலை பார்த்தவர்கள். ஆனால் வீட்டுக்கு வந்த பிறகும் இன்ஜினைக் கட்டிக்கொண்டு அழுதவர் இவர் ஒருவர்தான். தேனிலவுக்குப் போகிற வழியில்கூடப் பழைய உதிரிபாகக் கிடங்கைக் கண்டால் வண்டியை ஓரங்கட்டிய மனுஷர். "நீயும் உன் கேம் ஷாஃப்டும் நாசமாப் போங்க" என்று அவள் திட்டாத வாரம் கிடையாது. திட்டிக்கொண்டே கேட்டதில் பாதி வித்தை அவளுக்கும் வந்துவிட்டது.

அது இப்படி ஒரு காரியத்துக்கு உதவும் என்று அவள் கனவிலும் நினைக்கவில்லை.

ரோமனுக்கு ஞாபகம் கரைய ஆரம்பித்திருந்தது. போன இலையுதிர் காலத்தில் தன் காரில் ரொட்டி வாங்கக் கிளம்பியவர், பெட்ரோல் தீர்ந்து, எங்கோ ஒரு சோளக்காட்டு ஓரத்தில் வழி தெரியாமல் அழுதுகொண்டு நின்றார். போலீஸ்காரர்தான் கூட்டிவந்து விட்டார். அதற்குப் பிறகு லியோனா அவரைக் கொஞ்ச நாள் மகள் வீட்டுக்கு அனுப்பிவிட்டு, அந்த நீல நிறக் காரை இண்டியானா மாநிலத்துக்காரன் ஒருவனுக்கு விற்றுவிட்டாள். அவர் இளவயதில் வாங்கிய கார். கிளம்பினால் நெஞ்சை அதிரவைக்கிற கார். அவள் செய்தது சரிதான், வேறு யாராக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள்.

திரும்பி வந்ததும் அவர் நேராக கராஜுக்குப் போனார். "ஐயோ, திருடிட்டாங்க லியோ!" என்று அலறினார். அவள் உண்மையைச் சொன்னாள். குழந்தை மாதிரி அழுதார். சற்று நேரத்தில் மறந்துபோய் மறுபடி கராஜுக்குப் போனார். மறுபடி அதே அலறல். அன்று முழுவதும் அப்படித்தான். ஒரே சாவுச் செய்தியை ஒரு மனுஷனுக்கு எத்தனை முறை சொல்வது? இனி அவர் அந்தப் பக்கமே போகக்கூடாது என்று அவள் முடிவெடுத்தாள்.

பூட்டுப் போட்டுப் பார்த்தாள். ஆயுள் முழுக்க ஸ்பானர் பிடித்த கை. பூட்டை அக்கு வேறு ஆணி வேறாகக் கழற்றிச் சமையலறை மேஜையில் அழகாக அடுக்கி வைத்திருந்தார்.

கடைசியில் இன்ஜின்தான் கைகொடுத்தது. காலையில் காப்பி குடித்ததும் பென்சிலை எடுப்பார். "இந்தத் தடவை நம்ம காருக்கு ஒரு இன்ஜின் கட்டுறேன் பாரு லியோ. தெருவே அதிரணும்!" முழுத் திட்டமும் முடிவாகாமல் ஒரு போல்ட்டைக்கூடத் தொடமாட்டார். அது அவருடைய மதம். ஆகவே திட்டம் முடியாதவரை கராஜுக்குப் போகமாட்டார். அதை முடியவிடாமல் பார்த்துக்கொள்வதுதான் லியோனாவின் வேலையாயிற்று.

"கம்ப்ரஷனை நல்லா ஏத்திட்டேன்."

"ஏத்துவே, ஏத்துவே. பங்க்ல விக்கிற பெட்ரோல் அதுக்குத் தாங்குமா? இன்ஜின் டொக்கு டொக்குனு தட்டாது?"

"அட, ஆமா! எமகாதகிடி நீ."

பிஸ்டனை மாற்றுவார். பிஸ்டன் மாறினால் ஹெட் மாறும், ஹெட் மாறினால் வால்வு ஸ்பிரிங் மாறும். மதியம் ஆகிவிடும். சூப்பைக் குடித்துவிட்டுத் தூங்குவார். மறுநாள் எல்லாம் முதலிலிருந்து. ஏமாற்றுகிறோமே என்று அவளுக்கு வெட்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் இத்தனை சந்தோஷமாக அவர்கள் பேசிக்கொண்டு வருஷக்கணக்காகியிருந்தது.

பனி உருக ஆரம்பித்த ஒரு காலையில் அவர் தாளிலிருந்து நிமிர்ந்தார். "நீங்க பார்ட்ஸ் கடையம்மாதானே?"

இப்படி ஒரு நாள் வரும் என்று டாக்டர் சொல்லித்தான் இருந்தார். "ஆமாங்க" என்றாள்.

"நல்லதாப் போச்சு. சின்ன கேம் ஷாஃப்ட் ஒண்ணு வேணும்."

"சின்னதா? பெரிசு போட்டாத்தானேங்க உறுமும்?"

"உறுமும். ஆனா பிரேக்கை லேசாக்குற வாக்குவம் பத்தாது, மிதிச்சா கல்லு மாதிரி நிக்கும். என் பொண்டாட்டிக்கு முட்டி வலி. அவதானே ஓட்டப் போறா." குரலைத் தாழ்த்திக்கொண்டார். "அவகிட்ட மூச்சு விட்றாதீங்க. இத்தனை வருஷத்துல ஒரு தடவைகூட அவளை ஓட்ட விட்டதில்ல நான்."

உண்மைதான். கல்யாணமான புதிதில் ஒரு முறை கேட்டாள். அவர் சிரித்த சிரிப்பில் அப்புறம் கேட்கவே இல்லை.

அவள் தாளை வாங்கிப் பார்த்தாள். கண் கலங்கிய கலங்கலில் முதலில் ஒன்றும் தெரியவில்லை. தெரிந்தபோது பகீரென்றது. கம்ப்ரஷன் பெட்ரோலுக்குப் பொருந்தியது, ஸ்பிரிங் கேமுக்குப் பொருந்தியது. குறை சொல்ல ஒன்றுமே இல்லை.

"முடிஞ்சுது" என்று ரோமன் எழுந்தார். "வாங்க, வண்டியைக் காட்டுறேன்."

கராஜ் கதவுப் பிடியில் கை வைத்துவிட்டார். தெரிந்த கேள்வியையெல்லாம் லியோனா மனசுக்குள் துழாவினாள். எதுவும் அந்தத் திட்டத்தை அசைக்கவில்லை, ஒன்றைத் தவிர.

"ஒரு நிமிஷங்க. உங்க வீட்டம்மாவை எனக்குத் தெரியும். அவங்களுக்கு அந்தக் காரே பிடிக்காதுங்க. ஓட்டவே மாட்டாங்க."

கை பிடியிலிருந்து இறங்கியது. "அவளே சொன்னாளா?"

"சொன்னாங்க."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலியே" என்றபடி வந்து உட்கார்ந்தார். அன்று கராஜ் பக்கம் போகவில்லை.

மறுநாள் காலை அவளைப் பார்த்ததும் "லியோ" என்றார். அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. காப்பியோடு தாளையும் பென்சிலையும் முன்னால் வைத்தாள். "கம்ப்ரஷன் எவ்வளவு வைக்கப் போறே, ரோமன்?"

அவர் பென்சிலை ஓரமாக நகர்த்தினார். "வேணாம்."

"ஏன்?"

ஏன் என்று அவருக்கே தெரியவில்லை. முகம் மட்டும் நேற்று போலவே தொங்கியிருந்தது.

லியோனா அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "எனக்கு அந்தக் காரை ஓட்டணும், ரோமன். ரொம்ப நாள் ஆசை. எனக்காகக் கட்டு."

அவர் அவள் கையைத் தட்டிக்கொடுத்தார். "என் மனசு நோகக் கூடாதுன்னு பொய் சொல்லாத லியோ" என்றார்.