இருபது லேப்டாப்பும் ஒரு பீரோ சாவியும்

கணக்கு டீச்சராக வேலைக்குச் சேர்ந்தவள் ஒருநாள் சார்ஜர் வயருக்குச் சிக்கெடுக்கும் டீச்சராக மாறுவாள் என்று பி.எட். படித்த காலத்தில் எனக்கு யாரும் சொல்லவில்லை. நடுநிலைப் பள்ளியில் லேப்டாப் பொறுப்பைத் தலையில் வாங்கிக்கொண்ட சக தியாகிகளே, உங்களுக்கும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

எங்கள் பள்ளி, திருப்பூரிலிருந்து தாராபுரம் போகும் ரோட்டை விட்டு உள்ளே தள்ளி இருக்கிறது. ஒரு பக்கம் சோளக்காடு, இன்னொரு பக்கம், தைத்த பனியனில் பிசிறு வெட்டிக் குறை பார்க்கும் செக்கிங் யூனிட். பனியன் கம்பெனி ஒன்றின் முதலாளி எங்கள் ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்காக இருபது லேப்டாப்பும் ஒரு வைஃபை பெட்டியும் கொடுத்தார். அவர் மனதார வாழ்க. அதற்குப் பிறகு நடந்ததைச் சொல்கிறேன்.

பதவி கிடைத்த விதம்

எங்கள் தலைமையாசிரியர் நல்ல மனிதர். தான் ஓய்வு பெறும்வரை பள்ளியில் எந்தப் பொருளும் உடையக் கூடாது என்பதுதான் அவருடைய கல்விக் கொள்கை. ஒருநாள் காலை "போன் செத்துப் போச்சுங்க டீச்சர்" என்று தன் செல்போனை என்னிடம் நீட்டினார். திரையில் வெளிச்சம் குறைந்திருந்தது. விரலால் ஒரு இழுப்பு இழுத்து வெளிச்சத்தைக் கூட்டிக் கொடுத்தேன். அதுதான் நான் செய்த ஒரே பாவம்.

அடுத்த வாரம் லேப்டாப் வந்து இறங்கியது. யார் பொறுப்பு எடுத்துக்கொள்வது என்று கூட்டத்தில் கேட்டதும் ஆளுக்கொரு திசையில் பார்த்தார்கள். தமிழய்யா மின்விசிறியைப் பார்த்தார், அது ஓடவில்லை. தலைமையாசிரியர் என்னைப் பார்த்தார். "சார், நான் கணக்கும் அறிவியலும்தான் படிச்சேன், கம்ப்யூட்டர் தெரியாது" என்றேன். அவர் சொன்னார்: "செத்த போனுக்கே உசுரு குடுத்தீங்க. இது உசுரோடவே வந்திருக்குது, உங்களுக்கென்னங்க டீச்சர்?"

வயர் இல்லாக் கல்வி

திறப்பு விழாவில் பேசியவர்கள் எல்லாரும் 'வயர்லெஸ்' என்ற சொல்லை மந்திரம் மாதிரி திருப்பித் திருப்பிச் சொன்னார்கள். பிள்ளைகள் மரத்தடியில் உட்கார்ந்து உலகத்தையே படிப்பார்களாம். முதல் வாரம் மரத்தடியில்தான் உட்கார வைத்தேன். இரண்டாவது பீரியடில் பேட்டரி தீர்ந்து, எல்லாத் திரையும் வரிசையாகக் கண்ணை மூடின. வகுப்பறைக்குள் ஓடினோம். அங்கே இருந்தது ஒரே ஒரு பிளக் பாயிண்ட்.

எலெக்ட்ரீசியனுக்குப் போன் போட்டு, "வயர்லெஸ் கம்ப்யூட்டர் வெச்சிருக்கோமுங்க, கொஞ்சம் பாயிண்ட் போடணும்" என்றேன். மறுநாள் வந்தார். பெஞ்சுக்கு அடியில், டெஸ்க்குக்கு மேலே, ஜன்னல் கம்பியில் என்று அறை முழுக்கச் சார்ஜர் வயர்கள் பின்னிக் கிடந்தன. பையைக்கூடக் கீழே வைக்காமல் சற்று நேரம் வாசலிலேயே நின்றார். பிறகு கேட்டார்: "ஏனுங்க டீச்சர், வயரு இல்லாத கம்ப்யூட்டருக்கே இத்தனை வயருங்களா?"

இதயம் நின்ற பிறகு

ஏழாம் வகுப்புக்கு இதயம் எப்படிச் சுருங்கி விரிகிறது என்று ஒரு வீடியோ போட்டேன். இதயம் ஒருமுறை சுருங்கியது. அப்படியே நின்றுவிட்டது. திரையின் நடுவில் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. முந்தின நாளும் இதே மதிய நேரத்தில்தான் நின்றது. சந்தேகப்பட்டு வெளியே போய்ப் பார்த்தேன். காம்பவுண்டுச் சுவருக்கு அந்தப் பக்கம், செக்கிங் யூனிட் பெண்கள் டிபன் பாக்ஸைத் திறந்து வைத்துக்கொண்டு, சுவரில் முதுகைச் சாய்த்து வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். ஒவ்வொருத்தர் கையிலும் போன். எல்லாப் போனிலும் ஒரே சீரியல். அவர்களில் பாதிப்பேர் என் மாணவர்களின் அம்மாக்கள். பாஸ்வேர்டு எந்த வழியாகப் போயிருக்கும் என்று ஆராய்ச்சி செய்யத் தேவையிருக்கவில்லை.

அன்று சாயங்காலமே மாற்றிவிட்டேன். மறுநாள் மதியம் சுவருக்கு மேலே ஒரு தலை எழுந்தது. கூந்தல் முழுக்க நூல் பிசிறு. மிகவும் மரியாதையான குரல்: "டீச்சர், பாஸ்வேர்டு மாத்தீட்டீங்களாட்ட இருக்குதுங்க. சீரியல்ல அந்தப் புள்ள அவ ஊட்டுக்காரனைக் கண்டுபுடிக்கற எடத்துல நின்னு போச்சுங்க. இன்னைக்கு ஒரு நாளைக்கு மட்டும் உடுங்க."

சிவப்புக் கோடு

லேப்டாப்பைத் தொடுவதில்லை என்று தமிழய்யா சபதம் செய்திருந்தார். ஆனால் ஆண்டு விழா அழைப்பிதழை அவர்தான் எழுதியாக வேண்டும். ஒற்றை விரலால் ஒவ்வொரு எழுத்தாகக் குத்திக் குத்தி, நல்ல செந்தமிழில் ஒரு பக்கம் அடித்து முடித்தார். அடித்த எல்லாவற்றுக்கும் கீழே சிவப்பாக நெளிநெளியாகக் கோடு ஓடியது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். திரையைத் துண்டால் துடைத்தார். கோடு போகவில்லை.

"இது என்னங்க டீச்சர்?" என்றார். "தப்புன்னு சொல்லுதுங்கய்யா." "எது?" "எல்லாமேங்கய்யா." வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அடுத்தவர் நோட்டில் சிவப்புக் கோடு போட்டே பழகிய மனிதர் அவர். நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து நின்றார். "சிவப்புக் கோடு போடறது என்ர வேலைங்க. இதை ஆரு போடச் சொன்னது?"

ரூபா பேசிய நாள்

ரூபா ஏழாம் வகுப்பு. பீகார்க் குடும்பம். அப்பா நிட்டிங் மிஷின் ஓட்டுகிறார். எங்கள் பள்ளிக்கு வந்த நாளிலிருந்து வருகைப் பதிவுக்கு "உள்ளேன் டீச்சர்" என்று சொல்வதைத் தவிர அவள் வாயைத் திறந்து நான் பார்த்ததில்லை. தமிழ் தெரியாது என்று நாங்களே முடிவு கட்டிவிட்டோம். சாப்பிடு என்றால் கையை வாய்க்குக் கொண்டுபோய்க் காட்டுவோம். எழுது என்றால் காற்றில் எழுதிக் காட்டுவோம்.

ஒருநாள் எவனோ எதையோ அழுத்த, ஒரு லேப்டாப் முழுக்க இந்திக்கு மாறிவிட்டது. எனக்கு இந்தி ஒரு எழுத்துகூடத் தெரியாது. தெரிந்த மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு நாலைந்து இடத்தில் தட்டினேன். படம் தலைகீழாகத் திரும்பியது. நானும் தலையைச் சாய்த்துப் பார்க்க, வகுப்பே சிரித்தது. அப்போது கடைசி பெஞ்சிலிருந்து ரூபா எழுந்து வந்தாள். "டீச்சர், சித்த அக்கட்டால தள்ளுங்க" என்றாள். சுத்தமான கொங்குத் தமிழ். நகர்ந்து இடம் விட்டேன். திரையை வரிவரியாகப் படித்து, இரண்டு மூன்று இடத்தில் தட்டி, படத்தையும் நேராக்கி, மொழியையும் தமிழாக்கிவிட்டாள். "இத்தனை நாளா ஏன் கண்ணு பேசல?" என்றேன். "நீங்க கையிலயே பேசுனீங்களே டீச்சர். செரி, உங்களுக்கு அதுதான் வருமாட்ட இருக்குதுன்னு உட்டுட்டேனுங்க."

காணாமல் போனது

அதன் பிறகு லேப்டாப் வகுப்பென்றால் ரூபாதான். பீரோவிலிருந்து எடுத்துக் கொடுப்பாள், திரும்ப வாங்கி அடுக்குவாள். பீரோ சாவி மட்டும் தலைமையாசிரியரிடம். தன் ஸ்கூட்டர் சாவியோடு கோர்த்துப் பேண்ட் பையில் வைத்திருப்பார். ஒவ்வொரு முறையும் நான் போய்க் கெஞ்ச வேண்டும். ஒரு திங்கட்கிழமை பீரோவைத் திறந்தால் ஒன்று குறைந்தது. தலைமையாசிரியருக்கு வேர்த்துவிட்டது. ஒழுங்காக வைத்துக்கொள்ளாவிட்டால் மொத்தத்தையும் வேறு பள்ளிக்குக் கொடுத்துவிடுவோம் என்று கம்பெனியில் முன்பே சொல்லியிருந்தார்கள்.

"அந்த இந்திக்காரப் புள்ளதானுங்க எல்லாத்தையும் தொட்டுக்கிட்டு இருந்தா" என்றார். "பார்க்காம எதையும் சொல்லாதீங்க சார்" என்றேன். அதற்குள் அவளுடைய அப்பாவுக்குப் போன் செய்து, வீட்டில் தேடிப் பாருங்கள் என்று சொல்லியும் முடித்திருந்தார். மறுநாள் ரூபா வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. லேப்டாப் வகுப்பு நேரம் வந்தது. ஏழாம் வகுப்பில் ஒரு பிள்ளைகூட லேப்டாப் கேட்கவில்லை. கணக்கு நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு என்னையே பார்த்தார்கள். நேராகத் தலைமையாசிரியர் அறைக்குப் போய், இந்தப் பொறுப்பு இனி எனக்கு வேண்டாம் என்றேன்.

அவர் எழுந்து பீரோவைத் திறந்தார். மறுநாள் கொடியேற்றத்துக்குக் கொடியை எடுத்து வைக்க வேண்டியிருந்தது. மேல்தட்டில் கையை விட்டு அதை எடுத்தார். கொடிக்குப் பின்னால் துண்டில் சுற்றி ஏதோ இருந்தது. துண்டு அவருடையது. பிரித்தால் லேப்டாப். வெள்ளிக்கிழமை அதன் மூடி ஆடுகிறது என்று அவரே பத்திரமாக எடுத்து வைத்து, அவரே மறந்திருக்கிறார். நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார். என் வாயில் நிறைய வார்த்தைகள் வந்தன. அவர் முகத்தைப் பார்த்துப் பாதியை விழுங்கினேன். மீதியைச் சொல்லிவிட்டேன்.

சாயங்காலம் இரண்டு பேரும் ரூபா வீட்டுக்குப் போனோம். வரிசையாகக் கட்டிய லைன் வீடுகளில் ஒற்றை அறை. ஐந்து பேர் இருக்கிறார்கள். அரிசிச் சாக்கு, பெட்டி, பாத்திரம் எல்லாம் இன்னும் வாசலில்தான் கிடந்தன. தேடுவதற்காக வெளியே எடுத்துப் போட்டவை. ரூபாவின் அப்பா உட்காரச் சொல்லவில்லை. தலைமையாசிரியர் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றபடியே, "தப்பு என்மேலதானுங்க" என்றார். ரூபாவை ஊருக்கே அனுப்பிவிடப் போவதாக அப்பா சொன்னார். தலைமையாசிரியர் கையெடுத்துக் கும்பிட்டார். "அப்படிச் செஞ்சுறாதீங்க. நாளைக்கு எல்லாப் புள்ளைக முன்னாலயும் நானே சொல்றேன்" என்றார். ரூபா அப்பாவிடம் இந்தியில் என்னவோ சொன்னாள். அவர் எங்களைத் திரும்பிப் பார்த்து, கம்பெனியில் கற்ற தமிழில் சொன்னார்: "பொண்ணு வரும் சார். ஆனா சாவி டீச்சர்கிட்ட இருக்கணும்." தலைமையாசிரியர் அங்கேயே சாவியைக் கழற்றி என் கையில் கொடுத்தார்.

மறுநாள் கொடியேற்றம் முடிந்ததும் எல்லார் முன்னாலும் நடந்ததைச் சொன்னார். "மன்னிச்சுக்க கண்ணு" என்று ரூபாவைப் பார்த்துக் கேட்டார். ரூபா கொஞ்சம் யோசித்தாள். "பரவால்லீங்க சார். இனி எதை எங்க வெச்சாலும் எனக்குச் சொல்லீருங்க. நான் ஞாபகம் வெச்சுக்கறேன்."

பள்ளத்தில் ஓடும் நிறம்

வருடக் கடைசியில், லேப்டாப் கொடுத்த கம்பெனியிலிருந்து மேனேஜர் ஒருவர் பார்வையிட வந்தார். எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் 'எங்கள் ஊர்ப் பள்ளம்' என்று ஒரு படத்தொகுப்பு செய்து வைத்திருந்தார்கள். ஊருக்குக் கீழே ஓடும் ஓடையைத்தான் நாங்கள் பள்ளம் என்போம். எழுத்துப்பிழை மட்டும் பார்த்து அனுப்பியவள் நான். படங்களைப் பார்த்திருக்க வேண்டும். முதல் படத்தில் தண்ணீர் நீலமாக ஓடியது. அடுத்ததில் மெரூன். அதற்கடுத்ததில் கிளிப்பச்சை. எந்தச் சாயப்பட்டறையிலிருந்து வருகிறது என்று ஊரில் யாருக்கும் தெரியாது. பனியன் கம்பெனிப் பிள்ளைகள் ஆனதால் நிறத்தின் பெயரை மட்டும் பிழையில்லாமல் எழுதியிருந்தார்கள். மேனேஜரின் சிரிப்பு படத்துக்குப் படம் சுருங்கியது. தலைமையாசிரியர் தண்ணீர் கேட்டார். இருபதையும் இன்றே வண்டியில் ஏற்றிவிடுவார்கள் என்று நான் முடிவு செய்துவிட்டேன்.

ஒரு பெண் எழுந்து மிகப் பணிவாகக் கேட்டாள்: "சார், போன வாரம் ஓடுனது நேவி புளூங்க. அது உங்க ஆர்டருங்களா?" மேனேஜர் அந்தப் படத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். "இல்லம்மா" என்றார். பிறகு, "கேட்டுப் பாக்கறேன்" என்றார். டீ குடித்தார். லேப்டாப்பைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. பள்ளி கேட் வரை வழியனுப்பப் போன என்னிடம், காரில் ஏறுமுன் குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "டீச்சர், அடுத்த வருசம் லேப்டாப்புக்குப் பதிலா டிராயிங் நோட்டு குடுக்கலாம்னு இருக்கறோமுங்க."

லேப்டாப் வந்து பிள்ளைகள் எவ்வளவு கற்றுக்கொண்டார்கள் என்று எந்த அதிகாரி வேண்டுமானாலும் வந்து சோதித்துப் பார்க்கட்டும், பெரியவர்கள் நாங்கள் கற்றுக்கொண்டதற்கு மட்டும் தயவுசெய்து பரீட்சை வைத்துவிடாதீர்கள்.