ஆடியில் குடிபோன சைத்தூன் பீவி

அரசு வீடு கட்டித் தருகிறது என்றாலே எனக்குச் சந்தோஷத்துக்கு முன்னால் கவலைதான் வரும். கட்டுவார்கள், சரி, கடைசியில் யார் குடியிருப்பார்கள்? இப்படி நினைக்கும்போதெல்லாம் சைத்தூன் பீவி ஞாபகத்துக்கு வந்து சிரிக்க வைத்துவிடுவார்.

எழுபதுகளின் தொடக்கம். தஞ்சாவூர் அகழிக் கரைக் குடிசைகளுக்குப் பக்கத்திலேயே அரசு மாடிக் கட்டடம் எழுப்பியது. பன்னிரண்டு வீடு. சாவியையும் கொடுத்தார்கள், ஜூலை பாதியில். ஜூலை முடிவதற்குள் பாதி வீட்டிலாவது ஆள் குடியேறி அடுப்பெரிய வேண்டும். இல்லையென்றால் கட்டடமே வேறு ஆட்களுக்குப் போய்விடும் என்று உத்தரவு. அலுவலகக் காலண்டரில் அது ஜூலை. அகழிக் கரையில் அது ஆடி.

ஆடியில் எவர் குடிபோவார்? பீவி மட்டும் போனார். அதிராம்பட்டினத்தில் பிறந்து இங்கே வாழ்க்கைப்பட்டவர். கணவர் இறந்தபின் ஆப்பம் சுட்டு விற்றே இரண்டு பெண்களைக் கட்டிக்கொடுத்தவர். அவருடைய குடிசை இரண்டு முறை எரிந்திருக்கிறது. இனி ஒரு கீற்றுக் கூரைக்குக் கீழே படுக்க அவர் தயாரில்லை.

மற்றவர்கள் வராவிட்டால் அவர் வீடும் போய்விடும். அங்கே வீடு கிடைத்திருந்த கட்சிக் கிளைச் செயலாளர் தங்கையனை அவர் குடிசை வாசலிலேயே பிடித்துக்கொண்டார் பீவி.

"என்ன தம்பி, ஆடியாவது பீடையாவதுன்னு மேடையில அந்த முழங்கு முழங்குனீங்களே. மூட்டையத் தூக்கலையா?"

"நான் எப்பவோ ரெடிக்கா. இவதான்..."

அவர் மனைவி பிரகதாம்பாள் உள்ளேயிருந்தே சொன்னாள்: "அவரு பகுத்தறிவு மைக்கு இருக்கிற வரைக்கும்தான் பாயம்மா. வீட்டுக்குள்ள ஆடின்னா ஆடிதான்."

பீவி அவள் பக்கம் திரும்பினார்.

"உங்க காலுதான வாசப்படி தாண்டக் கூடாது? சட்டிபானைக்கு ஏது ஆடி? சாவியக் கொடுங்க. எனக்கு எல்லா மாசமும் அல்லா கொடுத்த மாசந்தான். அடுப்ப நான் பத்த வைக்கிறேன். ஆவணியில நீங்க வந்து பாலக் காய்ச்சுங்க."

கரை முழுக்க இதைப் பற்றி விவாதம் நடந்தது. கால் படாவிட்டால் குற்றமில்லை என்று காளியம்மன் கோயில் பூசாரியே சொன்னதும் சாவிகள் வந்து குவிந்தன. பெண்கள் பானை, பாய், முறம் எல்லாவற்றையும் வாசலுக்கு வெளியே நின்றே நீட்டினார்கள். பீவி வாங்கி வாங்கி உள்ளே வைத்தார்.

ஜூலைக் கடைசியில் சோதிக்க வந்தவர் இன்ஸ்பெக்டர் பஞ்சநதம். முதல் வீட்டில் அடுப்பு எரிந்தது; பீவி உலை வைத்துக்கொண்டிருந்தார். இரண்டாவது வீட்டிலும் அடுப்பு எரிந்தது. அங்கே மூச்சு வாங்கியபடி பீவி. மாடி ஏறினார். அங்கே கதவைத் திறந்தவரும் பீவி.

"ஏம்மா, இந்த வீட்லயும் நீங்கதானா?"

"அடுப்பு எரியுதா, அதப் பாருங்க ஐயா."

"ஆளு குடியேறணும்மா. அடுப்பு மட்டும் குடியேறுனா?"

"ஆளுங்க கீழதான் நிக்கிறாங்க. ஆடி முடிஞ்சதும் ஏறிடுவாங்க. அந்தப் பதினஞ்சு நாளுக்காக இத்தன குடும்பத்த மறுபடியும் கீத்துக்குள்ள தள்ளுவீங்களா?"

பஞ்சநதம் சன்னல் வழியே பார்த்தார். கீழே மற்ற பதினொரு குடும்பமும் மேலே பார்த்தபடி நின்றது. தங்கையன் மட்டும் வேறு எங்கோ பார்த்துக்கொண்டிருந்தார். பஞ்சநதத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எல்லா வீட்டிலும் அடுப்பெரிவதாக எழுதிக் கையெழுத்துப் போட்டார். படியிறங்கும்போது தயங்கி நின்று குரலைத் தாழ்த்தினார்.

"எனக்கும் இந்த மாசம் குவார்ட்டர்ஸ் கொடுத்திருக்காங்கம்மா. இன்னும் போகல. வீட்ல ஒத்துக்க மாட்டேங்கிறாங்க."

பீவி முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு நீட்டினார்.

"சாவி இருக்கா?"