ஏழு வருடம் குலுக்கிய ஸ்பெயின் ஒயின்

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வீட்டுக்கு வந்ததும், காப்பி குடிப்பதற்கு முன்னால் பீரோவைத் திறப்பேன். உள்ளே பட்டு வேட்டிக்குள் நிமிர்ந்து நிற்கும் ஸ்பெயின் ஒயின் பாட்டிலை எடுத்து, நன்றாகப் பத்துத் தடவை குலுக்கிவிட்டு, திரும்பச் சுற்றி வைப்பேன். இதை ஏழு வருடம் செய்தேன். எழுதுவதற்கு வெட்கமாகத்தான் இருக்கிறது. நான் சொல்லாவிட்டால் என் மனைவி சொல்லிவிடுவாள். அவள் சொன்னால் இன்னும் நாலு சேர்த்துச் சொல்லுவாள்.

குலுக்கியதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. எங்கள் தெருவில் கிறிஸ்துமஸுக்கு ஒயின் போடாத வீடு கிடையாது. கறுப்புத் திராட்சை, சீனி, ஒரு கைப்பிடி கோதுமை, கொஞ்சம் பட்டை, கிராம்பு. எல்லாவற்றையும் பீங்கான் ஜாடியில் போட்டு, வாயைத் துணியால் கட்டி, தினம் ஒரு தடவை மரக்கரண்டியால் கிண்டிவிட வேண்டும். கிண்ட மறந்தால் மேலே பூஞ்சை பிடித்துவிடும். ஆக, ஒயின் என்றால் கிண்ட வேண்டும். பாட்டிலுக்குள் கரண்டி போகாது. குலுக்கினேன். இதில் எங்கே தப்பு இருக்கிறது என்று அன்றைக்கு யார் கேட்டிருந்தாலும் சண்டைக்குப் போயிருப்பேன்.

பாட்டிலைத் தந்தவர் எங்கள் துறைமுகத்தில் ஒரு கிரேனைச் சரிசெய்ய ஸ்பெயினிலிருந்து வந்த என்ஜினியர். இப்படி வருகிறவர்களுக்குக் கார், லாட்ஜ், சாப்பாடு ஏற்பாடு செய்கிற கம்பெனியில் எனக்கு வேலை. மூன்று வாரம் அவரைக் கூட்டிக்கொண்டு திரிந்தேன். எங்கள் ஊர் முந்திரி மக்ரூனுக்கு அவர் அடிமையாகிப் போனதைப் பார்த்து, கிளம்புகிற அன்று இரண்டு கிலோ வாங்கிக் கொடுத்தேன். அவர் பெட்டியைத் திறந்து இந்தப் பாட்டிலை எடுத்து நீட்டினார். சீக்கிரம் குடித்துவிட்டு எப்படி இருந்தது என்று சொல்லச் சொன்னார். கல்யாண வீட்டில் யாராவது “வீட்டுக்கு ஒருநாள் வாங்க” என்றால் எப்படித் தலையாட்டுவோமோ, அப்படித் தலையாட்டினேன்.

அந்தக் கிறிஸ்துமஸுக்கு வந்த மைத்துனனிடம் பாட்டிலைக் காட்டி, மூவாயிரம் ரூபாய் பெறும் என்று குத்துமதிப்பாகச் சொன்னேன். அவன் கண் விரிந்தது. அடுத்த வருடமும் அந்தக் கண் விரிய வேண்டாமா? ஏழாயிரம் ஆக்கினேன். அதற்கடுத்து, எங்கோ ஒரு பழைய ஒயின் பாட்டில் ஏலத்தில் பல லட்சத்துக்குப் போனதாக செல்போனில் படித்தேன். அன்றைக்குத்தான் பாட்டில் இருந்த பீரோவைப் பூட்ட ஆரம்பித்தேன். ஐந்தாம் வருடம் ஐம்பதாயிரம் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். விலை ஏற ஏறத் திறக்கிற தைரியம் இறங்கியது. எங்கள் ஊர் மே மாதத்தில் பீரோக் கதவைத் தொட்டால் கை சுடும். பாட்டில் எல்லா மே மாதத்தையும் அதற்குள்ளேதான் கழித்தது. ஒரு வருடம் பார்த்தால் வேட்டியில் கத்தரிப்பூ நிறத்தில் கறை. பாட்டிலிலும் இரண்டு விரற்கடை குறைந்திருந்தது. ஒயின் ஊறுகிறது என்று மனைவியிடம் விளக்கினேன். ஊறினால் கூடத்தானே செய்யும் என்று அவள் கேட்டதை நான் காதில் வாங்கவில்லை.

இப்படி இருக்கையில் என் மகள், கூட வேலை பார்க்கும் பையனைத்தான் கட்டுவேன் என்று வந்து நின்றாள். எனக்கும் மனைவிக்கும் சம்மதம். பையனின் அம்மாவுக்கும் சம்மதம். அப்பா மட்டும் வாயைத் திறக்கவில்லை. அவர் முப்பது வருடம் கப்பலில் சமையல்காரராக இருந்து ஓய்வு பெற்றவர். வீட்டுக்கு வந்து மனிதர்களைப் பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்லுவேன் என்றாராம். டிசம்பரில் ஒரு ஞாயிறு மதியச் சாப்பாட்டுக்கு வருவதாக ஏற்பாடு. அதற்கு முந்தின நாள் மகள் என்னைத் தனியாகக் கூப்பிட்டு உட்கார வைத்தாள்.

“யப்பா, அவுக அப்பாவுக்குப் பெருமையடிக்கிற ஆளக் கண்டாலே ஆகாது. மூத்த பையனுக்குப் பொண்ணு பாக்கப் போன எடத்துல, பொண்ணோட அப்பா அவரு காரப் பத்தியே பேசினாராம். காப்பியக்கூடக் குடிக்காம எந்திரிச்சு வந்துட்டாக. நாளைக்கு ஒருநாள் மட்டும் சும்மா இருங்க.”

இருக்கிறேன் என்று சத்தியம் செய்தேன். மனதார இருக்கவும் செய்தேன், கிட்டத்தட்ட கால் மணி நேரம்.

மனைவியோடு வந்த பையனின் அப்பா ஒல்லியான மனிதர். கேட்டதற்கு ‘ஆமா’, ‘இல்ல’ என்ற இரண்டு வார்த்தைக்குள் பதிலை முடித்தார். அவர் பேசாத இடத்தையெல்லாம் யாராவது நிரப்ப வேண்டுமே என்று எனக்குக் கை பரபரத்தது. பீரோவைத் திறந்தேன். மகள் அடுப்படி வாசலில் நின்று கண்ணாலேயே வேண்டாம் என்றாள். எனக்கு வேகம் பிடித்துவிட்டது. ஸ்பெயின் தேசத்து மண், அங்கே அடிக்கும் வெயில், திராட்சைக் கொடியின் வயது என்று, நான் பார்த்தே இராத எல்லாவற்றையும் பற்றி இருபது நிமிடம் பேசினேன். ஏழு வருடம் பத்திரமாக வைத்திருப்பதையும் விலையையும் சொன்னேன். சம்பந்தி ஆகப்போகிறவர் என்பதால் எழுபத்தைந்தாயிரம்.

கார்க்கை எடுக்கக் கருவி கிடையாது. ஸ்குருவை முறுக்கி கட்டிங் பிளேயரால் இழுத்தேன். பாதி வெளியே வந்தது, மீதி உள்ளே விழுந்தது. டீ வடிகட்டியில் வடித்து அவருக்கு ஒரு கிளாஸ், எனக்கு ஒரு கிளாஸ். அவர் முகர்ந்து பார்த்தார். பிறகு ஒரு மடக்கு குடித்தார். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. நானும் குடித்தேன். இரண்டு காதும் அடைத்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அத்தனை புளிப்பு.

எனக்குப் பேச்சு நின்றது. மனைவி கையிலிருந்த தட்டோடு அப்படியே நின்றாள். மகள் தரையைப் பார்த்தாள். அவர் இப்போது எழுந்துவிடுவார் என்று எல்லோரும் காத்திருந்தோம்.

அவர் எழவில்லை. பாட்டிலை எடுத்துக் கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தார். கீழே சின்ன எழுத்தில் இருந்த ஒரு ஸ்பானிஷ் வார்த்தையில் விரலை வைத்தார். இளசு என்று அர்த்தமாம்.

“இது நம்மூரு நுங்கு மாதிரி, அண்ணாச்சி. வெட்டுன சூட்டோட சாப்புட்டுரணும். நீங்க நுங்க வாங்கி ஏழு வருசம் பீரோவுல பூட்டி வச்சிருக்கீங்க.”

அதற்கு மேல் மறைக்க என்னிடம் ஒன்றும் இல்லை. வாராவாரம் குலுக்கியதையும் சொன்னேன்.

“குலுக்குனீங்களா?” என்று மெதுவாகக் கேட்டார். ஆமாம் என்றேன். “பூசைக்குப் போயிட்டு வந்தா?” அதற்கும் ஆமாம் என்றேன். அவருக்கு முதலில் தோள் குலுங்கியது. அப்புறம் வயிறு. கடைசியில் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு, கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார். அவர் இப்படிச் சிரித்துப் பார்த்ததே இல்லை என்று அவர் மனைவி என் மனைவியிடம் சொன்னார்.

அதற்குப் பிறகு பேசியது அவர்தான். ஸ்பெயின் துறைமுகங்களை ஒட்டிச் சின்னச் சின்னக் கடைகள் இருக்குமாம். மதியம் மூட்டை இறக்குகிறவர்கள் அழுக்குச் சட்டையோடு வந்து உட்கார்ந்து, பொரித்த சாளை மீனும் ரொட்டியும் வைத்துக்கொண்டு இந்த மாதிரி ஒயினைத்தான் குடிப்பார்களாம். விலை, நம்மூரில் பரோட்டாவும் சால்னாவும் சாப்பிடுகிற காசுதான். பல நாட்டில் குடித்துப் பார்த்திருக்கிறாராம். மற்ற இடத்தில் இத்தனை நல்ல ஒயின் வேண்டுமென்றால் முதலாளியாக இருக்க வேண்டும், அங்கே தாகம் இருந்தால் போதும் என்றார். வைத்துக் குடிக்க வேண்டிய ரகம் தனியாம். அதையும் அவர்களே மரப்பீப்பாயில் பல வருடம் வைத்திருந்து, பக்குவம் வந்த பிறகுதான் கடைக்கு அனுப்புவார்களாம்.

“பழசாக்குத வேலைய அவங்களே பாத்துருவாங்க, அண்ணாச்சி. நமக்குக் குடிக்குத வேல மட்டுந்தான். அதக்கூட நீங்க செய்யல.”

பிறகு வீட்டில் சாளை இருக்கிறதா என்று கேட்டார். விருந்துக்குச் சீலா மீன் வாங்கியிருந்தோம். சாளையும் அரைக் கிலோ இருந்தது, எங்கள் வீட்டுப் பூனைக்காக வாங்கியது. மனைவி சொல்லக் கூச்சப்பட்டு என்னைப் பார்த்தாள். அவர் அதற்குள் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, என் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு அடுப்படிக்குள் போய்விட்டார். பெண் பார்க்க வந்த வீட்டில் பையனின் அப்பா பனியனோடு நின்று மீன் பொரித்ததை எங்கள் தெரு அன்றுதான் பார்த்தது. பொரித்த மீனின் மேல் பூண்டு, மிளகு, பிரிஞ்சி இலை போட்டார். எழுபத்தைந்தாயிரம் ரூபாய் ஒயினைக் கொதிக்கவைத்து அதன் மேல் ஊற்றினார். இதைவிட நல்ல வினாகிரி கடையில் கிடைக்காது என்றார்.

சீலா மீன் குழம்பு அப்படியே இருந்தது. சாளைச் சட்டியை வழித்துச் சாப்பிட்டோம். குடிக்க, மனைவி போட்ட ஒயினை ஜாடியிலிருந்து வடித்துக் கொடுத்தாள். அவர் இரண்டாம் கிளாஸ் கேட்டு வாங்கினார். கிளம்பும்போது செருப்பை மாட்டிக்கொண்டே, “அப்ப வாரேன், சம்மந்தி” என்றார். அதுவரை அண்ணாச்சி. வாசல் கதவுக்குப் பின்னால் மகள் அவள் அம்மாவின் தோளைக் கிள்ளியதில் என் மனைவிக்கு இரண்டு நாள் வலி.

கல்யாணம் முடிந்து வந்த முதல் கிறிஸ்துமஸுக்கு, சம்பந்தி இன்னொரு ஸ்பெயின் பாட்டில் கொண்டுவந்தார். மூத்த மகன் வாங்கி வந்ததாம். கூடவே கார்க் திருகியும் ஒரு பை நிறையச் சாளையும். வந்த அரை மணி நேரத்தில் திறந்துவிட்டோம். நாவல்பழத்தைக் கடித்த மாதிரி லேசான துவர்ப்பு, அடியில் ஒரு இனிப்பு. சூடான சாளையோடு அது தொண்டையில் இறங்கிய சுகத்துக்கு, ஏழு வருடத்தில் குடித்திருக்க வேண்டிய பாட்டில்களை எண்ணி வருத்தப்படலாமா என்று யோசித்தேன். அதற்குள் இரண்டாவது கிளாஸ் வந்துவிட்டது.

இந்த ஒயினுடைய விசேஷம் என்னவென்றால், என்று நான் சம்பந்தியைப் பார்த்து ஆரம்பித்தேன். மீன் முள்ளை எடுத்துக்கொண்டிருந்த மகள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

“யப்பா, அன்னைக்கு அந்த ஒயின் மட்டும் நல்லா இருந்திருந்தா நீங்க பேச்ச நிறுத்திருக்க மாட்டீங்க. எனக்குக் கல்யாணமும் நடந்திருக்காது.”