வெயிலில் காய்ந்த ஹார்டு டிஸ்க்

சென்ற வாரம் மகளின் கம்ப்யூட்டருக்கு ஹார்டு டிஸ்க் வாங்கக் கடைத்தெருவுக்குப் போனேன். கடைக்காரர் சூயிங்கம் பட்டை அளவில் ஒன்றை எடுத்து வைத்தார். எந்த வகை இணைப்பு என்று கேட்டேன். "எல்லாம் ஒண்ணுதான் சார், சொருகுனா ஓடும்" என்றார். எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான். இந்தக் கேள்வியோடு ஒரு காலத்தில் ஒரு மாதம் உண்டு உறங்கியவன் நான்.

அப்போது கல்யாணமான புதிது. தீப்பெட்டி ஆபீஸ்களுக்கு, அதாவது தீப்பெட்டித் தொழிற்சாலைகளுக்கு, சரக்குக் கணக்கு புரோகிராம் எழுதிக் கொடுத்துக் கோவில்பட்டியிலேயே பிழைத்துவிடலாம் என்பது என் திட்டம். சரிப்படாவிட்டால் தைக்குள் சென்னைக்கு வேலைக்குப் போய்விடுவதாக மாமனாரிடம் சொல்லியிருந்தேன். மனைவி வள்ளிக்கு ஊரைவிட்டுப் போக மனமில்லை. அந்த வேலைக்கு வீட்டுக் கம்ப்யூட்டரில் யூனிக்ஸ் என்னும் இயங்குதளத்தை ஏற்ற வேண்டும். அதற்குப் புது டிஸ்க் வேண்டும். அப்போது டிஸ்க் இணைப்பில் இரண்டு வகை. ஐடிஇ என்றால் மலிவு, திருநெல்வேலியிலேயே கிடைக்கும். ஸ்கஸி என்றால் தனி அட்டை, கூடுதல் விலை. ஆனால் ஒரே நேரத்தில் பல வேலை பார்க்கும் யூனிக்ஸுக்கு அதுதான் தோது என்று கம்ப்யூட்டர் இதழ்களில் எழுதியிருந்தார்கள்.

"கெட்டுப்போனா இங்கன யாரு பாப்பா?" என்றாள் வள்ளி.

கெடாது என்று சொல்லி, ஸ்கஸிக்கே சென்னைக்கு எழுதிப் போட்டேன். கையிலிருந்த பணமெல்லாம் அதற்கே போயிற்று, இன்னொன்று வாங்க வழியில்லை.

பார்சல் வந்த அன்று நாங்கள் மணியாச்சியில் ஒரு கல்யாணத்தில் இருந்தோம். ஐப்பசி மழை. நனைந்த பெட்டியை வாங்கி வைத்தவர் பக்கத்து வீட்டு அண்ணாச்சி, தீப்பெட்டி ஆபீஸ்காரர். மறுநாள் நல்ல வெயில். நாங்கள் திரும்பி வந்து பார்க்கையில், அவர் களத்தில் பசை காயாத தீப்பெட்டிக் கூடுகளுக்கு நடுவே, ஒரு சாக்கின் மேல், உறை பிரித்த என் டிஸ்க் மல்லாந்து கிடந்தது.

"ஈரம் ஏறிட்டு தம்பி. நம்ம சரக்குன்னா விடுவமா? ரெண்டு தடவை திருப்பிப் போட்டுட்டேன்."

தொட்டேன், தோசைக்கல். வள்ளி என் முகத்தைப் பார்த்துவிட்டு, "அப்பளம் போட இடம் இருக்கா அண்ணாச்சி?" என்றாள்.

"இருக்கு, கொண்டாம்மா" என்றார் அவர், விளையாட்டில்லாமல்.

நிழலில் வைத்து ஆறவிட்டேன். சாயங்காலம் மாட்டி சுவிட்சைப் போட்டபோது அண்ணாச்சியும் வந்து நின்றார். டிஸ்க் முனகியது, பிறகு சீராகச் சுழன்றது. யூனிக்ஸ் ஏறி முடிய மறுநாள் ஆயிற்று. கறுப்புத் திரையில் 'லாகின்' என்று ஒரே ஒரு சொல், பக்கத்தில் மினுக்கும் கோடு.

"என்ன சொல்லுது?" என்றாள் வள்ளி.

"யாருன்னு கேக்குது."

"இங்கனயே இருக்கப்போறவங்கன்னு சொல்லுங்க."

இருந்துவிட்டோம். அண்ணாச்சிதான் பின்னாளில் ஆபீஸை மூடிவிட்டு மகனோடு சென்னைக்குப் போனார். அந்தக் களத்தில் இப்போது அடுக்கு வீடுகள். மழை விட்டு வெயில் அடித்தால் வெளியே எடுத்துப் போட எங்கள் தெருவில் யாரிடமும் சரக்கு இல்லை.